விளக்கு இறக்கிய கிணறு

வட்டியூர்க்காவு, திருவனந்தபுரம்
மே 12

ஸ்தோத்திரம் மைனி.

உங்கள் மகன் யோசுவா நேற்று வந்தான். "மாமி, அம்மா சொல்லி விட்டா. மாமன் செத்த கிணத்த மண்ணு போட்டு மூடணுமாம். மழைக்கு முன்ன முடிக்கணுமாம்" என்றான். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கட்டன்சாயா கொடுத்து அனுப்பினேன். பதிலை அவன் வாயில் கொடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை. போனில் கூப்பிட்டால் போனக்காட்டில் ரேஞ்ச் கிடைப்பதில்லை. கிடைத்த ஒரு நாளும் என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன். நான் அஞ்சாம் கிளாஸ்தான். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிணற்றை மூட மாட்டேன்.

கல்லறையில் மண் போடும்போது எல்லார் முன்னாலும் நீங்கள் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. "தண்ணி தண்ணின்னு அரிச்சு என் தம்பியக் கிணத்துல இறக்கினவ நீதான்" என்றீர்கள். இனிமேல் என் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொட மாட்டேன் என்று சபதம் போட்டீர்கள். அன்று நான் வாய் திறக்கவில்லை. இன்று சொல்கிறேன். மார்ச் மாதம் அந்த வாரம் முழுக்க எங்கள் மேட்டில் குழாயில் தண்ணீர் வரவில்லை. எங்கோ பைப் உடைந்தது என்றார்கள். தண்ணீர் லாரி கீழ் ரோட்டோடு திரும்பிப் போயிற்று. நான் தண்ணீர் இல்லை என்றேன். இல்லாத தண்ணீரை இருக்கிறது என்றா சொல்வேன்? தெருவில் எல்லாப் பெண்களும் அவரவர் புருஷனிடம் சொன்னதைத்தான் நானும் சொன்னேன். உங்கள் தம்பி, "நம்ம வீட்டுக்குப் பின்னால ஒரு கிணறு கிடக்குல்லா" என்றார். நான் கிழக்கேகோட்டைக்கு வேலைக்குப் போய்விட்டேன். சீதாலக்ஷ்மி மாமியின் மெஸ்ஸில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் ஆள் வந்தது.

இந்த வீட்டுக்குக் குழாய் வந்த வருஷம் கிணற்றின் மேல் சிலாப் போட்டு அடைத்தோம். இலை விழக் கூடாது, பிள்ளை விழக் கூடாது என்று. அதற்குப் பிறகு அதை யாரும் திறக்கவில்லை. அன்று அவர் திறந்த கையோடு இறங்கிவிட்டார். இந்த ஊர்க்காரன் என்றால் முதலில் ஒரு விளக்கை இறக்கிப் பார்ப்பான். விளக்கு அணைந்தால் உள்ளே காற்று கெட்டுக் கிடக்கிறது என்று தெரிந்துகொள்வான். உங்கள் தம்பி மலையில் பிறந்தவர். அங்கே கிணறு ஏது? ஓடையில் ஹோஸைப் போட்டால் தண்ணீர் வாசலுக்கு வரும். அவருக்கு இதெல்லாம் தெரியாது.

அவரைக் கொன்றது அந்த மூடி, மைனி. மூடினதற்கே ஒரு உயிர் போயிற்று. மறுபடியும் மூடச் சொல்கிறீர்கள்.

சத்தியநேசனின் வீட்டுக்காரி
ரத்னாபாய்


போனக்காடு
மே 25

ரத்னாபாய்க்கு எழுதுவது.

ஸ்தோத்திரம் சொல்ல நாக்கு எழவில்லை. கர்த்தர் என்னை மன்னிக்கட்டும். உன்னை என்ன செய்வது என்பது அவர் இஷ்டம்.

பஸ் கண்டக்டர் கடை முன்னால் நாலு பேர் பார்க்க உன் கடிதத்தை நீட்டினான். "எக்கா, டவுன்ல பெரிய ஆளெல்லாம் சிநேகிதம்போல" என்று பல்லைக் காட்டினான். அவன் முன்னாலேயே கிழித்திருக்க வேண்டும். கிழிக்காமல் விட்டது என் தப்பு.

என் தம்பிக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். அம்மா கொழுந்து கிள்ளப் போனபோது அவனை இடுப்பில் வைத்து இந்த மலை முழுக்கச் சுமந்தவள் நான். அவனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று நீ எனக்குச் சொல்ல வேண்டாம்.

ஒன்று கேட்கிறேன். உன் குழாயில் வருவது யார் தண்ணீர்? இந்த மலையில் பெய்கிற மழைதானே ஓடையாக இறங்கி, கரமனை ஆறாகி, பேப்பாறை அணையில் தங்கி, அருவிக்கரை போய், உன் வீட்டுக் குழாயில் விழுகிறது? அட்டை கடிக்க நனைகிறது நாங்கள். குழாயைத் திருப்புகிறது நீங்கள். என் மலை தருவது போதாதென்று உனக்கு அந்தப் பொந்து வேறு வேண்டுமா?

இதோ மேகம் கீழே இறங்கி லயத்து வாசலில் நிற்கிறது. இடவப்பாதி மழை ஜூன் பிறந்ததும் கொட்டும். எல்லாம் உனக்குத்தான் வரும். வாயை மூடிக்கொண்டு பிடித்துக் குடி.

அந்த நாலு சென்டில் என் பெயரும் இருக்கிறது. மறக்காதே.

சத்தியநேசனின் அக்கா
ஞானப்பூ


வட்டியூர்க்காவு
ஜூன் 20

ஸ்தோத்திரம் மைனி.

கிழித்துப் போட்டாலும் எழுதுவேன்.

மழைக்கு முன்னாலேயே கிணற்றைத் திறந்துவிட்டேன். கிணற்று வேலை செய்கிற ஸ்ரீஜித்தைக் கூட்டி வந்தேன். அவரை எடுத்த அன்றே தெருக்காரர்கள் திரும்ப வைத்து மூடின சிலாபை அவனும் கூட வந்த ஆளும் சேர்ந்து தள்ளினார்கள். "சேச்சி, மாறி நில்லுங்க. அடைச்சு வெச்ச கிணத்துல காத்து செத்துப் போயிருக்கும்" என்றான். ஒரு மண்ணெண்ணெய் விளக்கை வாளிக்குள் நிறுத்திக் கயிற்றில் கட்டினான். நான் கயிற்றை வாங்கிக்கொண்டேன். "சேச்சிக்கு ஒக்காது, நான் செய்யிறேன்" என்றான். "என் புருஷன் இறங்கின கிணறு. நான்தான் இறக்குவேன்" என்றேன். அவன் தள்ளி நின்றான்.

பாதி வரைக்கும் நன்றாக எரிந்தது. அதற்குக் கீழே சுடர் சுருங்கிற்று. மஞ்சளாக ஒரு பொட்டு. அப்புறம் அதுவும் இல்லை. காற்று ஊதி அணைத்த மாதிரி ஆடவே இல்லை, மைனி. யாரோ இரண்டு விரலால் அமுக்கின மாதிரி. சுவரில் கால் வைத்து இறங்கக் குழி வெட்டியிருக்கிறது. எந்தக் குழிக்குப் பக்கத்தில் விளக்கு அணைந்தது என்று பார்த்து வைத்துக்கொண்டேன். அதற்குக் கீழே அவர் கால் வைத்திருக்க மாட்டார்.

ஸ்ரீஜித் மாமரத்தில் ஒரு பெரிய கொப்பை இலையோடு வெட்டிக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கி ஏற்றினான். விசிறுகிற மாதிரி. நானும் கூடப் பிடித்து இழுத்தேன். உள்ளங்கைத் தோல் போயிற்று. மறுநாள் விளக்கை இறக்கினோம். தண்ணீரைத் தொடுகிற வரைக்கும் எரிந்தது. அதற்குப் பிறகுதான் அவன் இறங்கிச் சேற்றை வாரினான். சேற்றோடு உங்கள் தம்பியின் டார்ச்சும் வந்தது. துடைத்து வைத்திருக்கிறேன்.

இப்போது நீங்கள் சொன்ன மழை வந்திருக்கிறது. ஓடு உடைகிற மாதிரி விழுகிறது. கீழ் ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர். பஸ் ஓடவில்லை. குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வருகிறது. ஆற்றில் கலக்கல் ஏறினதால் பம்பிங் நிறுத்தியிருக்கிறார்களாம். குடையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கிறோம், இதைப் பார்த்திருக்கிறீர்களா? நீங்கள் அனுப்பினது உண்மைதான். வந்து சேர வேண்டாமா?

அதனால் கூரையோரம் ஒரு பைப்பை நெடுக்காகக் கீறிக் கட்டினேன். ஓட்டுத் தண்ணீர் அதில் ஓடி ஒரு டிரம்முக்குள் விழும். டிரம்மில் அடியில் மெட்டல் ஜல்லி, அதற்கு மேல் கரி, அதற்கு மேல் மணல். அதில் இறங்கித் தெளிந்து கிணற்றுக்குப் போகும். முதல் மழையை வெளியே விட்டுவிட்டேன், கூரை கழுவட்டும் என்று. இரண்டாவது மழையிலிருந்து பிடிக்கிறேன். ஷீஜா மட்டும் பின்பக்கம் வருவதில்லை. அப்பா போன இடம் என்று ஜன்னலையும் அடைத்து வைத்திருக்கிறாள். வருவாள்.

சத்தியநேசனின் வீட்டுக்காரி
ரத்னாபாய்


போனக்காடு
ஜூலை 11

ரத்னாபாய்க்கு.

அந்த டார்ச் எங்கள் அப்பா ராக்காவல் போனபோது வைத்திருந்தது. அவர் சத்தியநேசனுக்குக் கொடுத்தார். அதை அனுப்பு.

விளக்கு அணைந்த கதையை இனி எனக்கு எழுதாதே. மூன்று தடவை படித்துவிட்டேன். போதும்.

இங்கே நாலு நாள் சுள்ளென்று வெயில். ஐந்தாம் நாள் அண்டாவைக் கவிழ்த்த மாதிரி ஒரே கொட்டு. நாங்கள் சின்னதாக இருக்கும்போது இடவப்பாதி நூல் நூலாக, விடாமல், சலித்துப்போகிற மாதிரி பெய்யும். கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்து கிள்ளுவோம். மண் நிதானமாகக் குடிக்கும். இப்போது குடிக்க நேரம் கொடுக்காமல் சிவப்பாக அடித்துக்கொண்டு போகிறது. ரோட்டில் ஒரு பக்கம் சரிந்து பஸ் வராததால் இந்தக் கடிதம் எப்போது வரும் என்று தெரியாது.

எப்போது வந்தாலும் சரி. ஓணம் கழிந்ததும் யோசுவா டிப்பரில் மண்ணோடு வருவான்.

சத்தியநேசனின் அக்கா
ஞானப்பூ


வட்டியூர்க்காவு
செப்டம்பர் 22

ஸ்தோத்திரம் மைனி.

யோசுவா வந்தான். நல்ல செம்மண், குறை சொல்லக் கூடாது.

டிப்பரின் ஹாரன் கேட்டதும் நான் போய்க் கிணற்றுச் சுவரில் ஏறி உட்கார்ந்தேன். கம்பி வலை போட்டிருக்கிறேன், விழ மாட்டேன்.

"மாமி, இறங்குங்க."

"நீ கொட்டு. என் மேலயே கொட்டு."

"விளையாடாதீங்க. மண்ணோட திரும்பிப் போனா அம்மா என்னைக் கொன்னு போட்டுருவா."

"அப்பம் நீயும் வந்து பக்கத்துல உக்காரு. ரெண்டு பேருக்கும் ஒரே குழி போதும்."

அடுத்த வீட்டு ரேஷ்மி மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். "எடா மோனே, அந்த மண்ண என் வாழைக்குக் கொட்டீட்டுப் போ. உனக்குப் புண்ணியம் கிட்டும், எனக்குக் குலையும் கிட்டும்" என்றாள். யோசுவா சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே முகத்தைச் சட்டையில் துடைத்தான். அப்புறம் சுவரில் கையை ஊன்றிக் குனிந்து உள்ளே பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். "மாமி, வானம் தெரியுது" என்றான்.

மண் ரேஷ்மியின் வாழைக்குப் போயிற்று. அவனுக்கு நான் என்ன கொடுத்தேன் என்று அவனிடமே கேட்டுக்கொள்ளுங்கள். டார்ச்சும் அவன் கையில்தான் கொடுத்தேன்.

உங்கள் பெயரும் பத்திரத்தில் இருக்கிறது, மறுக்கவில்லை. வேண்டுமானால் நீங்களே வந்து உங்கள் கையால் மண் அள்ளிப் போடுங்கள். நான் அந்தச் சுவரில்தான் இருப்பேன்.

சத்தியநேசனின் வீட்டுக்காரி
ரத்னாபாய்


போனக்காடு
டிசம்பர் 5

ரத்னாபாய்க்கு.

இத்தனை நாள் எழுதாதது கோபத்தில். உன்மேல் பாதி, நான் பெற்ற பிள்ளைமேல் பாதி. வழியில் டயர் வெடித்தது, மண்ணை ரோட்டோரம் கொட்ட வேண்டியதாயிற்று என்று என்னிடம் கதை அளந்தான். பைபிளைத் தொட்டுச் சொல்லுலே என்றேன். சாப்பாட்டுத் தட்டைத் தொட்டுச் சொன்னான். அப்புறம் உன் கடிதம் வந்தது.

"அவ வீட்டுத் தண்ணியக் குடிச்சியாலே?" என்று கேட்டேன்.

"ரெண்டு தம்ளரு" என்றான்.

அவனாகவே சொன்னான். "நம்ம ஓடத் தண்ணி மாதிரியே இருக்கும்மா." ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

துலாவர்ஷம் இந்த வருஷம் ஏமாற்றிவிட்டது. ஐப்பசியில் சாயங்காலமானால் இடித்து இடித்துப் பெய்யுமே, அது இரண்டு நாள் உறுமிவிட்டு மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. ஜூனில் அவ்வளவு கொட்டியதே, அது எங்கே போயிற்று என்று இந்த மண்ணைக் கேட்டால் அதற்குத் தெரியவில்லை. ஹோஸில் தண்ணீர் சுண்டு விரல் கனத்துக்கு வருகிறது. கார்த்திகையில் நான் இப்படிப் பார்த்ததே இல்லை.

உனக்கென்ன, டவுன்காரி.

வருஷ ஜெபத்துக்கு அங்கே வர மாட்டேன். என் தம்பிக்கு இங்கே சபையில் ஜெபம் வைத்துக்கொள்வேன்.

சத்தியநேசனின் அக்கா
ஞானப்பூ


வட்டியூர்க்காவு
பிப்ரவரி 21

ஸ்தோத்திரம் மைனி.

குழாயில் ஒரு நாள் வருகிறது, இரண்டு நாள் வருவதில்லை. வந்தாலும் எங்கள் மேட்டுக்கு ஏறுவதற்குள் நின்றுவிடுகிறது. போன வருஷம் போலவே.

கிணற்றில் தண்ணீர் இருக்கிறது.

முதலில் தெருவில் யாரும் கிட்ட வரவில்லை. சாவு விழுந்த கிணறு, அதில் கோரி எப்படிக் குடிப்பது என்று குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சுற்றிப் போனார்கள். ரேஷ்மிதான் முதலில் வந்தாள். "எங்க வீட்டுல கரண்டு போனப்ப எல்லாம் ஓடி வந்த ஆளு சத்தியண்ணன். அவர் கிணறு என்னைக் கடிக்குமோ?" என்று வாளியை விட்டாள். இப்போது காலையில் வரிசை நிற்கிறது. குடத்துக்குச் சண்டையும் நடக்கிறது. சண்டை நடந்தால் நான் வாளியை எடுத்து உள்ளே வைத்துவிடுவேன். அடங்கிவிடுவார்கள்.

தினமும் முதல் வாளிக்கு முன்னால் விளக்கை இறக்குகிறேன். திறந்து கிடக்கிற கிணற்றுக்கு இது தேவையில்லை என்று ஸ்ரீஜித் சொல்கிறான். இருக்கட்டும். விளக்கு தண்ணீரைத் தொட்டுத் திரும்பி வந்த பிறகுதான் எனக்கு அன்றைய வேலை ஓடும். போன வாரம் நான் இறக்கும்போது ஷீஜா வந்து பின்னால் நின்றாள். மறுநாள் அங்கேயே முகம் கழுவினாள். ஜன்னலும் திறந்திருக்கிறது.

இதோடு ஒரு பாட்டில் அனுப்புகிறேன். கிணற்றுத் தண்ணீர்தான், காய்ச்சி ஆற வைத்தது. உங்கள் மலையில் பெய்தது இல்லை, என் ஓட்டின் மேல் விழுந்தது. குடிப்பதும் கொட்டுவதும் உங்கள் இஷ்டம்.

மார்ச் பதினேழு ஜெபம். நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் கிணறு திறந்திருக்கும். அவர் இறங்கினது இந்தத் தண்ணீருக்காக. அதை மண்ணைப் போட்டு மூடினால் அவர் எதற்காகப் போனார் என்று நான் ஷீஜாவுக்கு என்ன சொல்வேன்?

சத்தியநேசனின் வீட்டுக்காரி
ரத்னாபாய்


போனக்காடு
மார்ச் 9

ஸ்தோத்திரம், ரத்னா.

கண்டக்டர் பாட்டிலை ஆட்டி ஆட்டிக் காட்டிக்கொண்டு வந்தான். "எக்கா, டவுன்ல இருந்து மலைக்குத் தண்ணி வருது! இனி நாங்க டிக்கெட் எடுத்துத்தான் கொண்டாருவோம்" என்றான். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அதைச் சத்தியநேசன் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்தேன். தொடக் கூடாது என்றுதான் வைத்தேன்.

ஹோஸ் நின்றுவிட்டது. ஓடையில் கல் மட்டும் கிடக்கிறது. மேலே காட்டுக்குள் ஒரு பள்ளத்தில் கொஞ்சம் தேங்கியிருக்கிறது என்று ஆட்கள் குடத்தோடு ஏறுகிறார்கள். நானும் ஏறினேன். பள்ளத்தைச் சுற்றிக் காட்டுப்போத்தின் குளம்படி. அதுகளும் அங்கேதான் வருகிறது. வழுக்கும் பள்ளம். குடத்தை முக்க முழங்காலில் நின்று, ஒரு கையால் வேரைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிறந்ததிலிருந்து நான் ஒரு நாளும் தண்ணீருக்கு இறங்கினதில்லை. இந்த மலையில் தண்ணீர்தான் நம்மைத் தேடி வரும். வாயை வைத்தால் போதும். அவனும் அப்படித்தான் வளர்ந்தான். இறங்குகிறவன் எதைப் பார்த்து இறங்க வேண்டும் என்று அவனுக்கு யார் சொல்லியிருப்பார்? என்னைக் கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது. நானும் அப்படியே இறங்கியிருப்பேன்.

பாதிக் குடத்தோடு வந்து உட்கார்ந்தேன். அந்தத் தண்ணீர் தெளிய இன்னும் நேரம் ஆகும். நாக்கு ஒட்டிக்கொண்டது. உன் பாட்டில் முன்னால் இருந்தது. குடித்துவிட்டேன். முழுக்க.

சிரிக்காதே. சபதத்தை நான் மீறவில்லை. உன் வீட்டில் தொட மாட்டேன் என்றுதான் சொன்னேன். இது என் வீடு.

யோசுவா சொன்னது சரிதான். ஓடைத் தண்ணீர் மாதிரிதான் இருந்தது. இப்போது ஓடை இல்லை.

உன்னைக் கல்லறையில் வைத்து அப்படிக் கேட்டது, யாரையாவது கேட்க வேண்டியிருந்தது. கேட்க நீதான் பக்கத்தில் நின்றாய்.

பதினேழாம் தேதி முதல் பஸ்ஸில் வருகிறேன். ஒரே ஒரு காரியம். அன்றைக்கு விளக்கை நான் இறக்க வேண்டும். எந்தக் குழிக்குப் பக்கத்தில் அணைந்தது என்று நீ பார்த்து வைத்திருக்கிறாயே, அதை எனக்குக் காட்டு. அதைத் தாண்டியும் விளக்கு எரிந்துகொண்டு போகிறதை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும்.

காலிப் பாட்டிலைக் கொண்டு வருகிறேன். நிறைத்துத் தா.

உன் மைனி
ஞானப்பூ


வட்டியூர்க்காவு
மார்ச் 13

ஸ்தோத்திரம் மைனி.

கிழக்கேகோட்டையில் இறங்கி அங்கேயே நில்லுங்கள். நான் வந்து கூட்டிப் போகிறேன்.

உங்கள் சபதம் உங்களோடு இருக்கட்டும். வீட்டுக்குள் வர வேண்டாம். கிணற்றங்கரையில் பாய் விரிக்கிறேன். ஜெபமும் சாப்பாடும் அங்கேதான். பாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். ரேஷ்மி பழக்குலை தருகிறாள், உங்கள் செம்மண்ணில் விளைந்தது.

இரண்டு நாளாக வானம் கறுக்கிறது. வேனல் மழை அன்றைக்கே இறங்கினாலும் இறங்கும். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, இரண்டாவது மழைக்கு டிரம்மின் குழாயைக் கிணற்றுக்குத் திருப்ப வேண்டும். எனக்கு ஒரு கை குறைகிறது. அதனால் அன்றைக்கே திரும்பிப் போகிறேன் என்று அடம்பிடிக்காதீர்கள்.

புதுக் கயிறு வாங்கிவிட்டேன். நீளமானது. நீங்கள் விளக்கை இறக்குங்கள். உங்களுக்குப் பின்னால் கயிற்றை நான் பிடித்துக்கொள்கிறேன். அந்தக் குழி வந்ததும் சொல்கிறேன். சொன்னதும் நிறுத்திவிடாதீர்கள், மைனி. இறக்கிக்கொண்டே இருங்கள்.

ரத்னா